ரஜூலாவும் சிதம்பரமும்: இரு கப்பல்களின் பணிக்காலமும் புதுப்பிப்பும்

1926-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரின் பார்க்லே கர்ல் தளத்தில் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் நீராவிக் கப்பல், தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்தது. அக்காலக் கப்பல்களில் இத்தனை பேரை ஏற்ற இசைவு பெற்றவை மிகச் சிலவே. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அதே கப்பலின் உரிமம் இரண்டாயிரம் பேருக்கும் குறைவாயிற்று. கப்பல் சுருங்கிவிடவில்லை, அதன் நீளமும் அகலமும் கட்டிய நாளில் இருந்தவாறே இருந்தன. பயணி என்பவர் யார், அவருக்கு எவ்வளவு இடம் உரியது என்னும் கணக்குத்தான் மாறியது. அக்கணக்கு சட்டத்தின் சொற்களில் எவ்வாறு எழுதப்பட்டது, கப்பலின் தளங்களில் எவ்வாறு செயலாயிற்று என்பதே இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள். மொழியியலாருக்குக் கப்பல் தளத்தில் என்ன வேலை என்று கேட்போர் உளராயின், சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறோம்.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று நீண்ட வழித்தடத்தில் ஓடிய கப்பல்கள் பல. ஆயினும் மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களின் நினைவில் ஆழப் பதிந்தவை இரண்டே. ஒன்று ரஜூலா, மற்றொன்று அதன் இடத்தை நிரப்பிய 'சிதம்பரம்'. 'ஸ்டேட் ஆப் மெட்ராஸ்' என்ற கப்பலும் இடைக்காலத்தில் இத்தடத்தில் ஓடிற்று. எனினும் 'ரஜூலாவில் வந்தவர்' என்பது போல அப்பெயர் ஒரு தலைமுறையின் அடைமொழியாகவில்லை.

ரஜூலாவின் உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம். 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே அஞ்சல் கொண்டுசெல்லத் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1862-இல் இப்பெயர் பெற்றது. 1914-இல் பி அண்ட் ஓ குழுமத்தோடு இணைந்தது. கறுப்பு உடல், கறுப்புப் புகைபோக்கியில் இரு வெள்ளை வளையங்கள் என்பன அதன் கப்பல்களின் அடையாளம். அவற்றின் பெயர்களில் ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் இந்திய ஊர்ப்பெயர்கள். பெரும்பாலும் ஆகார ஈறு. ரஜூலா என்பது குஜராத்தின் கத்தியவார்ப் பகுதியில் உள்ள ஓர் ஊர். அதன் உடன்பிறப்பாக அதே 1926-இல் கட்டப்பட்ட கப்பலுக்கு இட்ட 'ரோனா' என்னும் பெயரும் வட இந்தியச் சிற்றூர் ஒன்றினுடையது. தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம் மாவட்டங்களின் மக்கள், தாம் கேள்விப்பட்டிராத ஒரு கத்தியவார் ஊரின் பெயரைத் தம் குடும்ப வரலாற்றின் முதற்சொல்லாக ஏற்றுக்கொண்டனர். ஊர்ப்பெயர் என்று அறிந்து அதைச் சொன்னவர் எவரும் இருந்திருப்பரோ என்பது ஐயமே.

ரஜூலாவுக்கு இரட்டைத் திருகாழிகள் இருந்தன; ஏறத்தாழ எட்டாயிரத்து ஐந்நூறு டன் கொள்ளளவு; மூவிரிவு நீராவி எந்திரங்கள்; மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல் வேகம். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் அறை பெற்றோர் சில பதின்மர் மட்டுமே. எஞ்சியோர் அனைவரும் தளப் பயணிகள். பாய், போர்வை, ஒரு தகரப் பெட்டி ஆகியவற்றோடு ஏறித் தளத்தில் இடம் பிடித்து அங்கேயே உண்டு உறங்கிப் பயணம் செய்தவர்கள் அவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையணைய இயலாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகுகளில் செல்ல வேண்டும். அலை மிகுந்த நாளில், கடலைக் கடப்பதைக் காட்டிலும் கப்பலை அடைவதே கடினமாக இருந்தது.

இத்தளப் பயணியைச் சட்டம் எப்பெயரால் அழைத்தது? கப்பலின் வரலாறும் சொல்லின் வரலாறும் இங்கேதான் ஒன்றையொன்று தொடுகின்றன. 1887-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஒன்றின் பெயரே 'சுதேசிப் பயணிக் கப்பல்கள் சட்டம்'. அங்கு 'சுதேசி' என்பது பெருமைச் சொல்லன்று. 'நேட்டிவ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பெயர்ப்பு அது. ஆசிய, ஆப்பிரிக்க மக்களை அது குறித்தது. ஒருவர் எந்த இடத்தில் பயணம் செய்தார் என்பதைக் காட்டிலும், எந்த இனத்தவர் என்பதே அவரை வகைப்படுத்தப் போதுமானதாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் வணிகக் கப்பல் சட்டங்களும் விதிகளும் அச்சொல்லைக் கைவிட்டு 'அன்பெர்த்டு' பயணி என்றொரு சொல்லை ஏற்றன. 'படுக்கை ஒதுக்கப்படாதவர்' என்று அதைத் தமிழில் கூறலாம். இனம் போய் இடம் வந்தது என்ற அளவில் இது முன்னேற்றமே. எனினும் இவ்வரையறை ஒருவரை அவரிடம் உள்ளதைக் கொண்டு சுட்டவில்லை. இல்லாததைக் கொண்டு சுட்டியது. அறையோ கூடமோ தனியே ஒதுக்கப்படாத, பன்னிரண்டு வயது நிரம்பியவர் என்பது அதன் சாரம். ஒரு வயது நிரம்பிப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருவர், கணக்கில் ஒரு பயணி ஆவர்.

1931-இல் வகுக்கப்பட்ட சிம்லா விதிகள், இவ்வாறு பெருந்தொகையாகச் செல்லும் படுக்கையற்ற பயணிகளுக்கென்றே எழுந்தவை. கடலில் உயிர்ப் பாதுகாப்புப் பற்றிய 1929-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டளைகள் அனைத்தையும் இக்கப்பல்கள் மீது அப்படியே சுமத்துதல் இயலாது என்று கருதப்பட்டது. தீர்த்த யாத்திரைக் கப்பல்களும் எம் முன்னோர் வந்த கப்பல்களும் அந்த விதிவிலக்கின் கீழ் வந்தன. தளத்தின் பரப்பை அளந்து, ஒருவருக்கு இத்தனைச் சதுர அடி என்று வகுத்து, ஈவாக வரும் எண்ணே பயணிகளின் எண்ணிக்கை. தெளிந்த பருவத்துக்கு ஓர் எண்; கொந்தளிக்கும் பருவத்துக்கு வேறோர் எண். மழையும் அலையும் தாக்கும் மேல்தளத்தில் புயற்காலத்தில் ஆளை வைத்தல் ஆகாது என்பதால் இந்த வேறுபாடு. ஐயாயிரம் என்னும் ரஜூலாவின் எண், இவ்வாறு பரப்பை வகுத்துப் பெற்ற எண்ணேயாகும். கட்டில்களை எண்ணிப் பெற்றதன்று.

அவ்வளவு பேரை ஏற்றும் தேவை எங்கிருந்து வந்தது என்பதையும் கூற வேண்டும். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தபின், தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பது பெரிதும் கங்காணிகள் வழியே நடந்தது. 1907-இல் தொடங்கப்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டித் தொழிலாளர்களின் கப்பற் கட்டணத்தைச் செலுத்திற்று. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, பின் கப்பலேறி, பினாங்கில் ஜெரஜா தீவிலோ சிங்கப்பூரில் செயின்ட் ஜான் தீவிலோ தனிமைப்படுத்தும் முகாமில் நாட்களைக் கழித்து அவர்கள் கரையேறினர். கட்டணம் செலுத்துபவர் வேறு, பயணம் செய்பவர் வேறு என்ற நிலையில், பயணியின் வசதிக்காகக் கப்பல் நிறுவனம் செலவிடுவதற்கு உந்துதல் ஏதும் இல்லை. ஐயாயிரம் பேர் கொள்ளும் தளம் அத்தகைய வணிகத்தின் வடிவம். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை வீழ்ந்தபோது, அதே கப்பல்கள் எதிர்த்திசையில் நிறைந்து சென்றன. இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் அவ்வாண்டுகளில் திருப்பியனுப்பப்பட்டனர்.

1938-இல் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை மலாயாவுக்குத் தடைசெய்தது. கப்பலின் பயணிக் கூட்டம் அன்றே மாறத் தொடங்கிவிட்டது என்று நாம் கருதுகிறோம். கப்பலின் உடலில் அம்மாற்றம் புலப்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின. இடையே போர் வந்தது. ரஜூலா படைவீரர்களை ஏற்றிச் செல்லும் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அதன் இணையான ரோனாவுக்கும் அதே பணி. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால், செர்மானிய விமானம் ஒன்றிலிருந்து ஏவப்பட்டு வானொலி அலையால் வழிநடத்தப்பட்ட குண்டு தாக்கி ரோனா மூழ்கிற்று. மாண்டவர் ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டோர். அவருள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர் அமெரிக்க வீரர்கள். அந்நாட்டின் போர் வரலாற்றில் கடலில் நேர்ந்த மிகப் பெரிய இழப்புகளுள் இது ஒன்று. எனினும் நெடுங்காலம் வெளியே பேசப்படவில்லை. நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடையே ஆயிரமாயிரம் தமிழர்களைச் சுமந்த ஒரு கப்பலின் பெயர், இன்று அமெரிக்கக் குடும்பங்களின் நினைவுநாளில் உச்சரிக்கப்படுகிறது. ஒரு கப்பலை நினைவுகூர்வோர் அதன் முந்தைய பயணிகளை அறிந்திருக்க வேண்டுவதில்லை போலும்.

போரில் தப்பிய ரஜூலா மீண்டும் வங்கக் கடலுக்கு வந்தபோது, ஏற்றிச் செல்லக் காத்திருந்தவர்கள் வேறு மக்கள். வணிகர், அலுவலர், விடுப்பில் ஊர் சென்று திரும்புவோர், கணவரோடு சேரச் செல்லும் மனைவியர், பிள்ளைகள். 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுக் கட்டுப்பாட்டினால் புதிதாக வருவோர் தொகை மேலும் குறைந்தது. பயணச்சீட்டைத் தம் பணத்தில் வாங்கியவர்கள் இவர்கள், கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள், அடுத்த முறையும் இதே கப்பலில் செல்லலாமா என்று எண்ணிப் பார்க்கும் நிலையில் இருந்தவர்கள். எனவே இடம் கூடியது, எண்ணிக்கை குறைந்தது. அறை வகுப்புகள் பெருகின. தளப் பயணிகளின் பகுதிகளும் சீர்பெற்றன. சட்டம் கனிந்து இரக்கம் காட்டியதால் ஐயாயிரம் இரண்டாயிரத்துக்குக் கீழே வந்தது என்று எழுதுவோருடன் நாம் முழுதும் உடன்படுவதற்கில்லை. விதிகள் இறுகியது உண்மை. ஆனால், பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பது மாறியதே பெரிய காரணம்.

இங்கு ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது விலகிப் பேச இசைவு வேண்டுகிறோம். கப்பலைப் புதுப்பித்தல் என்று இன்று எழுதுகிறோம். மரக்கலக் காலத்தில் இதற்குக் 'கலப்பத்து' என்றொரு சொல் இருந்தது. பலகைகளின் இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்துக் குங்கிலியம் முதலியன பூசி நீர் புகாமல் அடைக்கும் பணி அது. கலப்பத்துப் பார்த்த மரக்கலம் பழைய மரக்கலமே. அது ஏற்றும் பொருளும் ஆளும் மாறுவதில்லை. இரும்புக் கப்பலின் புதுப்பிப்பு அவ்வாறன்று. அறைகள் இடிக்கப்படும்; சரக்கறை படுக்கைக் கூடமாகும்; கொடியும் பெயரும் மாறும். ஒரு சொல்லால் இரண்டையும் சுட்டுவது பொருந்தாது என்பது எம் துணிபு. முதலாவதைப் பழுதுபார்த்தல் என்றும், இரண்டாவதை மாற்றியமைத்தல் என்றும் வேறுபடுத்தின் வரலாறு தெளிவாகும். ரஜூலா தன் நாற்பத்தேழு ஆண்டுப் பணிக்காலத்தில் பல முறை பழுதுபார்க்கப்பட்டது. பகுதி பகுதியாகச் சீரமைக்கப்பட்டது. சிதம்பரமோ முற்றிலும் மாற்றியமைக்கப்பட்ட கப்பல்.

சிதம்பரத்தின் முதற்பெயர் 'பாஸ்தர்'. பிரான்சின் டன்கர்க் நகரில் கட்டப்பட்டு 1966-இல் பணிக்கு வந்தது. உரிமையாளர் மெசாஜரி மாரித்தீம் என்னும் பிரெஞ்சு நிறுவனம். ஆஸ்திரேலியத் தடத்துக்கென்று திட்டமிடப்பட்டுப் பின்னர் தென்னமெரிக்கத் தடத்துக்கு மாற்றப்பட்டது. ஐரோப்பியத் துறைமுகங்களிலிருந்து புவெனஸ் அயர்ஸ் வரை ஓடிற்று. அத்தடத்தில் அதற்கு முன் ஓடிய பிரெஞ்சுக் கப்பல்களின் பெயர்கள் லெனக், சார்லஸ் டெல்லியே, லூயி லூமியேர் என்பன. எல்லாம் அறிவியலாளர், கண்டுபிடிப்பாளர் பெயர்கள். நுண்ணுயிர் ஆய்வாளர் லூயி பாஸ்தரின் பெயர் அவ்வரிசையில் இயல்பாக வந்து சேர்ந்தது. பதினெட்டாயிரம் டன்னை நெருங்கும் அக்கப்பலில் பயணிகள் நானூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே. அனைவருக்கும் அறை, அனைவருக்கும் உணவுக் கூடத்தில் இருக்கை.

ஆனால் அது காலந்தாழ்ந்து பிறந்த கப்பல். தாரை விமானங்கள் அட்லாண்டிக் பெருங்கடலை ஓரிரவில் கடக்கத் தொடங்கிய பின்னர், நெடுந்தடக் கப்பல்களுக்குப் பயணிகள் கிட்டவில்லை. பணிக்கு வந்து ஆறே ஆண்டுகளில், 1972-இல், இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கிற்று. கிழக்கு, மேற்குக் கப்பல் கழகங்கள் இரண்டையும் இணைத்து 1961-இல் இந்திய அரசு அமைத்த நிறுவனம் அது. முதிர்ந்துவிட்ட ரஜூலாவுக்கு ஈடாக ஒரு கப்பல் அதற்குத் தேவைப்பட்டது.

மாற்றியமைத்தபின் அக்கப்பலின் எண்ணிக்கையை நோக்குவோம். அறைப் பயணிகள் ஏறத்தாழ நூற்றைம்பது பேர். படுக்கைக் கூடங்களில் ஆயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர். நானூற்றுச் சொச்சம் பேருக்காகக் கட்டிய கப்பல், அதைப்போல நான்கு மடங்கினரை ஏற்றலாயிற்று. ரஜூலாவில் நிகழ்ந்தது எண்ணிக்கை குறையும் மாற்றம்; இங்கு நிகழ்ந்தது கூடும் மாற்றம். ஆயினும் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்து, ஒன்று ஏற்றம் மற்றொன்று இறக்கம் என்று தீர்ப்பளிப்பது தவறு. பாஸ்தரின் பயணிக்கு இது நெருக்கடி. ரஜூலாவின் தளத்தில் பாய் விரித்த பயணிக்கோ, எண்ணிட்ட ஒரு படுக்கை முதன்முறையாகத் தம் பெயரில் கிடைத்தது. 'டெக்' என்னும் சொல் இருந்த இடத்தில் 'பங்க்' என்னும் சொல் வந்து அமர்ந்தது. மேலும் கீழுமாக அடுக்கிய படுக்கையையே அச்சொல் குறிக்கிறது. அதைத் தாழ்வாகக் கருதிப் பேசியவர்கள் அறை வகுப்பினராக இருக்கலாம். தளத்தில் வந்து பங்க்கில் திரும்பிய பெரியவர்கள் அச்சொல்லைப் பெருமிதத்தோடு கூறக் கேட்டிருக்கிறோம்.

சட்டத்தின் சொல்லும் அவ்வேளையில் இரண்டாம் முறையாக மாறிற்று. 1971-இல் இலண்டனில் ஒப்பமான உடன்படிக்கையும், இட அளவு பற்றி 1973-இல் அதனோடு சேர்ந்த நெறிமுறையும் சிம்லா விதிகளின் இடத்தைப் பெற்றன. 'படுக்கையற்றவர்' என்பது நீங்கி, 'தனிவகை வணிகப் பயணி' என்றொரு பெயர் வந்தது. இந்திய வணிகக் கப்பல் சட்டமும் 1976-இன் திருத்தத்தில் இதை ஏற்றது. இனத்தால் சுட்டிய சொல், இன்மையால் சுட்டிய சொல், இறுதியில் எதையும் சுட்டாத சொல் என்று இம்மூன்றையும் வரிசைப்படுத்தலாம். தனிவகை வணிகம் என்றால் என்ன வணிகம், யாருடைய வணிகம் என்று அப்பெயரைக் கேட்பவருக்கு விளங்காது. நாகரிகமான மறைப்புச் சொல் அது. இழிவு நீங்கியது நன்று. உடன் பொருளும் நீங்கிவிட்டது.

பாஸ்தருக்கு இட்ட புதுப்பெயரோ பொருள் நிறைந்தது. சிதம்பரம் என்றதும் தில்லைத் திருத்தலம் நினைவுக்கு வரும். கப்பல் என்ற சொல்லை அருகில் வைத்தால் மற்றொருவரும் நினைவுக்கு வருவார். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, கலியா, லாவோ என்னும் கப்பல்களை வாங்கிக் கொழும்புத் தடத்தில் ஓட்டியவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. அவருக்கு எதிரே நின்று கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது, ரஜூலாவின் உரிமையாளரான அதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம். பெயரிட்டவர்கள் எதை எண்ணிப் பெயரிட்டனர் என்பது எவ்வாறாயினும், தமிழ்ச் செவி இரண்டையும் கேட்டது. பிரிட்டிஷ் இந்தியா விட்டுச்சென்ற தடத்தில், இந்திய அரசின் கப்பல் ஒன்று சிதம்பரம் என்ற பெயரோடு சென்றது. 1887-இன் சட்டத்தில் இழிவாக நின்ற சொல்லை, வ.உ.சி. தம் நிறுவனத்தின் பெயரில் பெருமையாக்கினார் என்பதையும் இங்கே இணைத்து நோக்கலாம்.

ரஜூலா 1973-இல் அதே கழகத்துக்கு விற்கப்பட்டு, அந்தமானில் உள்ள ஓர் ஊரின் பெயரான 'ரங்கத்' என்னும் பெயர் பெற்றது. அப்பெயரில் அது நெடுநாள் வாழவில்லை; விரைவிலேயே பம்பாயில் உடைக்கப்பட்டது.

பாஸ்தர் மட்டும் இவ்வாறு திசை மாறியதாக எண்ணிவிடலாகாது. மலேசியா, சிங்கப்பூர் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய மூன்று சகோதரக் கப்பல்கள் உண்டு. அதே மெசாஜரி மாரித்தீம் நிறுவனத்துக்காக 1950-களின் முற்பகுதியில் கட்டப்பட்டு, தூரகிழக்குத் தடத்தில் ஓடிய வியத்நாம், கம்போஜ், லாவோஸ் என்பன அவை. வடிவில் ஒன்றுபோன்ற இம்மூன்றும் பின்னர் பெற்ற மாற்றங்கள் வேறு வேறு. கம்போஜ் ஒரு கிரேக்க நிறுவனத்திடம் சென்றது. கிரேக்கத் தளத்தில் முற்றிலும் மாற்றியமைக்கப்பட்டு 1973-இல் 'ஸ்டெல்லா சொலாரிஸ்' என்னும் உல்லாசக் கப்பலாக வெளிவந்து, மத்தியதரைக் கடலில் பல்லாண்டு புகழோடு ஓடிற்று. 2003-இல்தான் அது குஜராத்தின் அலங் கரையில் உடைக்கப்பட்டது. வியத்நாமும் லாவோசும் ஆசிய உரிமையாளரிடம் வந்து, ஹஜ் பயணிகளை ஏற்றும் கப்பல்களாயின. பல பெயர்களுக்குப் பின் அவை பெற்ற இறுதிப் பெயர்கள் 'மலேசியா கீத்தா', 'மலேசியா ராயா'. முன்னது 1974-இல் சிங்கப்பூரிலும், பின்னது 1976-இல் கிள்ளான் துறைமுகத்தருகேயும் தீயில் அழிந்தன.

ஒரே வரைபடத்தில் பிறந்த உடன்பிறப்புகள் இவை. ஒன்றில் புதுப்பித்தல் என்பது அறைகளைப் புதிதாக்கி, நீச்சற்குளமும் நடன அரங்கும் அமைத்தல்; மற்ற இரண்டில் அது, மேலும் பலருக்கு இடம் உண்டாக்குதல். கடல் வேறு என்பதால் மட்டும் இவ்வேறுபாடு தோன்றவில்லை. ஒருவர் எதற்காகக் கப்பலேறுகிறார் என்பதே அதைத் தீர்மானித்தது. கப்பலே பயண நோக்கமாக இருப்பவருக்கு ஒரு வகை மாற்றம். கரையை அடைவதே நோக்கமாக இருப்பவருக்கு வேறொரு வகை. இதனாலேயே, இன்று நாளிதழ்களிலும் நினைவு மலர்களிலும் சிதம்பரத்தைச் 'சொகுசுக் கப்பல்' என்று எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை. அன்பினால் எழுதுகின்றனர் என்பது தெரிகிறது. ஆனால் சொகுசுக் கப்பலாக இருந்தது பாஸ்தர். சிதம்பரம் மக்கள் கப்பல். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், அக்கப்பல் மாற்றியமைக்கப்பட்டதன் பொருளே மறைந்துவிடும். அடுக்குப் படுக்கையில் ஒரு வாரம் கிடந்து வந்தவர்களும் அதனோடு மறைவர்.

தளத்தில் வழங்கிய சொற்களையும் காக்க வேண்டும். 'கப்பல்' என்னும் தமிழ்ச் சொல் மலாய் மொழியில் 'கபால்' என்று வழங்குவது பலரும் அறிந்ததே. கப்பலுக்குள் வேலை செய்தோரின் பெயர்களும் இரு மொழிக்கும் பொதுவாக நின்றன என்பதை அறிந்தோர் குறைவு. மாலுமியைக் குறிக்கும் கலாசி, மலாயில் கெலாசி. சமையற்காரரான பண்டாரி, மலாயில் பெண்டாரி. மாலுமிகளின் தலைவர் செராங்கு, அவர்க்கு அடுத்த தண்டல் ஆகியோரின் பெயர்களும் செராங், தண்டில் என்று அங்கே உள்ளன. பாரசீகமும் இந்துஸ்தானியும் தமிழும் மலாயும் கலந்த இச்சொற்கூட்டம் எந்த அகராதிக் குழுவும் வகுத்ததன்று. ஒரே தளத்தில் பணிசெய்தோர் வகுத்தது. நம் பள்ளி நூல்களில் இவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குதல் மிகையாகாது. 'டெக் பயணி' என்பதையும் அவ்வாறே சேர்க்கலாம். அதைத் தூய்மைப்படுத்தித் 'தளப்பயணி' என்று நூல்களில் எழுதலாம்; நாமும் இவ்வுரையில் அவ்வாறு எழுதினோம். எனினும் நேர்காணல்களைப் பதிவு செய்வோர், முதியவர் 'டெக்' என்று கூறின் டெக் என்றே எழுதுதல் வேண்டும். சட்டம் தந்த மூன்று பெயர்களில் எதையும் அவர் தமக்குச் சூட்டிக்கொள்ளவில்லை; அவர் சூட்டிக்கொண்ட பெயர் அது ஒன்றே.

சிதம்பரம் பத்தாண்டுகளுக்குச் சற்று மேல் இத்தடத்தில் ஓடிற்று. விமானக் கட்டணம் குறையக் குறையக் கப்பலில் எஞ்சியவர்கள், மூட்டை முடிச்சு மிகுதியாகக் கொண்டு செல்வோரும் சிறு வணிகரும் விமானத்தை அஞ்சிய முதியோருமே. 1984 பிப்ரவரியில், சென்னை நோக்கிச் செல்கையில் கப்பலில் தீப்பற்றிற்று. ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். மலேசியா கீத்தா, மலேசியா ராயா ஆகியவற்றையும் சேர்த்து நோக்கினால், இரண்டாம் வாழ்வு பெற்ற பிரெஞ்சுக் கப்பல்கள் மூன்றும் தீக்கு இரையாயின என்பது உள்ளத்தை உறுத்துகிறது. மூன்றுக்கும் ஒரே காரணம் கற்பித்தல் முறையன்று. ஆயினும் ஒரு கப்பலில் மக்கள் தொகையை நான்கு மடங்காக்கும்போது, படுக்கைகளைப் பெருக்குவது எளிது. தீ நேர்கையில் வெளியேறும் வழிகளைப் பெருக்குவது அரிது. கட்டிய நாளில் இட்ட படிக்கட்டுகளும் நடைவழிகளும் எஃகில் அமைந்தவை. அவை எளிதில் விரியமாட்டா.

சிதம்பரம் மீண்டும் பணிக்கு வரவில்லை. 1985-இல், ரஜூலா உடைந்த அதே பம்பாயில் அதுவும் உடைக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறுவது அத்தோடு முடிந்தது. அடுக்குப் படுக்கையைக் குறிக்கும் 'பங்க்' வகுப்பு மட்டும், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் செல்லும் அந்தமான் கப்பல்களின் பயணச்சீட்டில் இன்றும் அச்சிடப்படுகிறது.